எப்படியும் நரம்பைச் சுடத்தானே போகிறார்கள், சோதனை ஊசி எதற்கு?

கேள்வி இது: அம்மாவுக்கு 63 வயது, ஆறு வருடமாக இடுப்பு வலி. அடுப்படியில் சேர்ந்தாற்போல பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. மாத்திரை, பெல்ட், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது வலி மருத்துவர் ஒருவர் 'ரேடியோஃப்ரீக்வன்சி அப்லேஷன்', அதாவது ஊசி வழியாக நரம்பைச் சுடும் சிகிச்சை, செய்யலாம் என்கிறார். அதற்கு முன்னால் வேறொரு நாளில் சோதனை ஊசி போட வேண்டுமாம். எப்படியும் சுடத்தானே போகிறார்கள், நேரடியாகச் சுட்டுவிட்டால் ஒரு செலவும் ஒரு அலைச்சலும் மிச்சமாகாதா? நரம்பைச் சுட்டால் கால் விளங்காமல் போய்விடாதா? செய்துகொண்டால் எத்தனை நாள் தாங்கும்?

நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக இருந்து வலி சிகிச்சைப் பக்கம் வந்தவன். இந்த மூன்று கேள்வியும் எனக்குப் பழக்கம்தான். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைத்தான் பயத்தோடு கேட்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அங்கே என்ன இருக்கிறது, எதைச் சுடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்பும் அடுத்த எலும்போடு மூன்று இடங்களில் சேர்கிறது. முன்பக்கம் டிஸ்க். பின்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு சின்ன மூட்டுகள். இவற்றை ஃபாசெட் மூட்டு என்பார்கள். முழங்கால் மூட்டு போலவே இவையும் நிஜமான மூட்டுகள்: குருத்தெலும்பு உண்டு, உறை உண்டு, வயதானால் தேய்மானமும் உண்டு. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் 'ஃபாசெட் ஆர்த்ரோபதி' என்று ஒரு வரி இருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த மூட்டு வலிக்கிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது 'மீடியல் பிராஞ்ச்' என்ற நூலிழை போன்ற நரம்பு. தண்டுவடத்திலிருந்து வெளியே வரும் பெரிய நரம்பு இரண்டாகப் பிரியும். தடித்த கிளை முன்பக்கமாகத் திரும்பிக் காலுக்குப் போகிறது. மெல்லிய கிளை பின்பக்கம் வந்து, எலும்பின் ஒரு பள்ளத்தில் படிந்து ஓடி, மூட்டுக்கும் முதுகெலும்பை ஒட்டிய மல்ட்டிஃபிடஸ் என்ற தசைக்கும் போகிறது. சுடப்போவது இந்த இரண்டாவது கிளையின் ஒரு துணுக்கை. காலை அசைக்கும் நரம்பு வேறு பாதையில் போய்விட்டது. கால் விளங்காமல் போகுமா என்ற பயத்துக்கு உடலமைப்பு தரும் பதில் அது. ஊசி தவறான இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. அதற்கும் வருகிறேன்.

இன்னொரு சின்னச் சமாச்சாரம். ஒவ்வொரு ஃபாசெட் மூட்டுக்கும் இரண்டு நரம்புகள் வருகின்றன, ஒன்று மேலேயிருந்து, ஒன்று அதே மட்டத்திலிருந்து. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளை எல் 1 முதல் எல் 5 வரை எண்ணுவார்கள், அதற்குக் கீழே எஸ் 1. எல் 4-5 மூட்டுக்கு எல் 3, எல் 4 நரம்புகள். அதனால்தான் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எல் 3, எல் 4' என்று பார்த்துவிட்டு, "வலி எல் 4-5 என்று சொல்லிவிட்டு வேறு இடத்தில் போட்டுவிட்டார்களே" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. மாற்றிப் போடவில்லை, எண்கள் அப்படித்தான். எல் 5-எஸ் 1 மூட்டையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று நரம்பு, இரண்டு பக்கமும் என்றால் ஆறு.

சரி, சுடுவது எப்படி? ஊசி பழுக்கக் காய்ச்சிய கம்பி அல்ல. ஊசியின் உடல் முழுக்க மின்சாரம் கடத்தாத உறை இருக்கும், நுனியில் 5 அல்லது 10 மில்லிமீட்டர் மட்டும் திறந்திருக்கும். அதன் வழியாக விநாடிக்கு ஏறக்குறைய 5 லட்சம் தடவை திசை மாறும் மின்னோட்டம் போகிறது. பழைய மீடியம் வேவ் ரேடியோவில் முள் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்து அலைவரிசை இது, பேரில் ரேடியோ வந்தது அதனால்தான். நுனியைச் சுற்றியுள்ள திசுவில் இருக்கும் அயனிகள் அந்த வேகத்துக்கு முன்னும் பின்னும் ஆடி, உரசி, சூடாகின்றன. சூடாவது முதலில் திசுதான், அதிலிருந்துதான் ஊசிக்குச் சூடு ஏறுகிறது. ஊசிக்குள் இருக்கும் வெப்பமானி அதை அளந்து காட்டும். வழக்கமாக 80 டிகிரி செல்சியஸ், 60 முதல் 90 விநாடி. 45 டிகிரியைத் தாண்டினாலே நரம்பு தாங்காது. 90க்கு மேல் விட்டால் திசு கொதித்துக் கருகும், கருகினால் மின்னோட்டம் மேற்கொண்டு பரவாது. அதனால் 80இல் நிறுத்துகிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி, அதற்குள் ஊசியை வைத்து மெஷினைப் போட்டால், நுனியைச் சுற்றி வெள்ளையாக ஒரு உருவம் திரளும். அரிசிமணியைப் பெரிதாக்கியது போல, ஊசியின் வாகிலேயே நீளமாக இருக்கும். முதன்முதலாகப் பார்க்கும்போது எல்லாரும் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள்: பக்கவாட்டில் நன்றாகத் திரள்கிறது, ஊசி முனைக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆகவே நரம்பை ஊசி முனையால் செங்குத்தாகக் குத்தி நின்றால் பயன் மிகக் குறைவு. ரயில் பாதையின் இரண்டு தண்டவாளங்கள் போல, ஊசி நரம்புக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபடாமல் செய்யப்பட்ட சிகிச்சைகள் ஏராளம். அவற்றின் தோல்வியெல்லாம் 'இந்தச் சிகிச்சையே வேலை செய்யாது' என்ற கணக்கில் ஏறின.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இந்தச் சிகிச்சையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1971இல் ஸ்கைர்ம் ரீஸ் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர், நீளமான மெல்லிய கத்தியை முதுகில் இறக்கி ஃபாசெட் மூட்டின் நரம்புகளை அறுத்துவிடுவதாகவும், ஏறக்குறைய எல்லாருக்குமே வலி போய்விடுவதாகவும் எழுதினார். அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர் நார்மன் ஷீலி (1967இல் முதன்முதலாக மனிதத் தண்டுவடத்தில் மின்தூண்டியைப் பொருத்தியவர் இவர்தான்) அதை முயன்று பார்த்தார். கத்தி வைத்த இடத்தில் ரத்தம் கட்டியது. அதனால் கத்தியை விட்டுவிட்டு ரேடியோஃப்ரீக்வன்சி ஊசிக்கு மாறி, 1975இல் அந்த முறையை வெளியிட்டார். பலர் பின்பற்றினார்கள். நோயாளிகளும் தேவலை என்றார்கள்.

1979இல் ஆஸ்திரேலியாவின் நிக்கோலாய் போக்டக்கும் அமெரிக்காவின் டான்லின் லாங்கும் சடலங்களை அறுத்து, இந்த நரம்புகள் எந்த வழியாக ஓடுகின்றன என்று பொறுமையாகத் தேடினார்கள். ஷீலி ஊசி வைக்கச் சொன்ன இடத்தில் அந்த நரம்பே இல்லை. ரீஸின் கத்தி நரம்பு இருக்கும் ஆழத்துக்கே போயிருக்காது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் நரம்பில்லாத இடத்தை அறுத்திருக்கிறார்கள், சுட்டிருக்கிறார்கள், அதற்கும் ஒரு கூட்டம் நோயாளிகள் 'தேவலை' என்று சொல்லியிருக்கிறது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். மிக மோசமான நாளில்தான் மருத்துவரிடம் போகிறோம், அதற்கப்புறம் எதைச் செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெரிய மெஷின், பெரிய ஊசி, நம்பிக்கையாகப் பேசும் மருத்துவர், இவையெல்லாம் சேர்ந்து வலியைக் குறைக்கும், சில வாரத்துக்கு. ஆகவே 'என் சித்தப்பாவுக்குப் போட்டார்கள், நன்றாக இருக்கிறார்' என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போட்டும் போகவில்லை என்பதை வைத்தும் சொல்ல முடியாது.

சுடுவது எளிது. யாருடைய வலி அந்த நரம்பு வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சோதனை ஊசி அதற்குத்தான்.

எம்.ஆர்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். எம்.ஆர்.ஐ. தேய்மானத்தைக் காட்டும், வலியைக் காட்டாது. 60 வயதைத் தாண்டிய பத்துப் பேரை, வலி இல்லாதவர்களையும் சேர்த்தே, ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கியோ, ஏதாவது ஒரு ஃபாசெட் தேய்ந்தோதான் இருக்கும். உடல் பரிசோதனையும் அப்படித்தான். பின்னால் வளைந்தால் வலிக்கிறது, நின்றால் வலிக்கிறது, படுக்கையில் புரண்டால் வலிக்கிறது, வலி பிட்டம் வரை, தொடைப் பின்பக்கம் வரை வருகிறது, முழங்காலுக்குக் கீழே இறங்குவதில்லை என்றால் ஃபாசெட்டாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். அவ்வளவுதான், உறுதியாகச் சொல்ல முடியாது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் ஃபாசெட் மூட்டுதான் காரணம் என்று கட்டுப்பாடான ஊசிச் சோதனையில் தெரியவந்தவர்கள் ஒரு ஆய்வில் 15 சதவீதம், வயதானவர்களை வைத்துச் செய்த இன்னொன்றில் 40 சதவீதம். அதாவது வயதானவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி வேறெங்கிருந்தோ வருகிறது.

சோதனை ஊசியில் அதே நரம்பின் மேல் அரை மில்லியோ அதற்கும் குறைவாகவோ மரத்துப்போகும் மருந்தை வைப்பார்கள். அளவு முக்கியம். அதிகம் போட்டால் மருந்து பரவி அக்கம்பக்கத்தையும் மரக்கச் செய்துவிடும், எது வலித்தது என்று தெரியாமல் போய்விடும். லிக்னோகெய்ன் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், பியூபிவகெய்ன் என்றால் அதைவிடச் சில மணி நேரம் கூடுதலாகத் தாங்கும். அந்த நேரத்துக்குள் வலி பெருமளவு போனால், வலி அந்த வழியாகத்தான் வருகிறது என்று அர்த்தம். இது சிகிச்சை இல்லை. மறுநாள் வலி திரும்ப வந்தே தீரும். "ஊசி பலிக்கவில்லை டாக்டர், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை" என்று வருத்தத்தோடு வருகிறவரிடம், பிரமாதமாகப் பலித்திருக்கிறது என்று சொல்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இதில் நோயாளி செய்யும் தவறு ஒன்று உண்டு. ஊசி போட்ட அன்று வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்கள். சாயங்காலம் போனில் கேட்டால், "படுத்திருந்தேன், வலி இல்லை" என்பார்கள். படுத்தால் எப்போதுமே வலிக்காதே! உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: அன்று வழக்கமான வலி மாத்திரையைப் போட வேண்டாம் (மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு). வீட்டுக்கு வந்ததும் எதைச் செய்தால் வலிக்குமோ அதையே செய்ய வேண்டும். அடுப்படியில் நின்று பத்துத் தோசை சுடட்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்து பார்க்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் நேரத்தையும் பத்துக்கு எத்தனை வலி என்பதையும் எழுதட்டும். '11.30, நின்றுகொண்டு, 2' என்கிற மாதிரி. அந்த ஒரு பக்கத் தாள் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைவிட எனக்கு உபயோகம்.

ஒரு சோதனை போதுமா? ஒரே ஊசியை நம்பினால், ஆய்வுகளில் 25 முதல் 40 சதவீதம் வரை பொய்யான 'ஆமாம்' வந்திருக்கிறது. அதனால் கண்டிப்பானவர்கள் இரண்டு நாளில் இரண்டு விதமான மருந்து போட்டு, இரண்டு தடவையும் 80 சதவீதமாவது குறைந்தால்தான் சுடுவார்கள். பல இடங்களில் ஒரு ஊசி, 50 சதவீதக் குறைவு என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நோயாளியின் செலவையும் பயணத்தையும் பார்க்கும்போது அதையும் குறை சொல்ல மனம் வரவில்லை. சோதனையே இல்லாமல் சுடலாம் என்கிறவரிடம் மட்டும் நான் என் வீட்டு ஆளை அனுப்ப மாட்டேன்.

நானும் இதில் சறுக்கியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பெரியவர், இடுப்பு வலி, எம்.ஆர்.ஐ.யில் ஃபாசெட் அப்பட்டமாகத் தேய்ந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர், இன்னொரு தடவை வர முடியாது என்று மகன் கெஞ்சினார். சோதனை இல்லாமலே சுட்டேன். ஒரு மாதம் கழித்து வலி அப்படியே. அப்போதுதான் அவரை மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். துள்ளிவிட்டார். எக்ஸ்-ரே எடுத்ததில் தொடை எலும்பின் பந்துக்கிண்ண மூட்டுதான் போயிருந்தது. அரை மில்லி மருந்து அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இந்தத் தேர்வுதான் காரணம் என்பது என் கருத்து. 1996இல் ஆஸ்திரேலியாவில் லார்ட், போக்டக் குழுவினர் கார் விபத்துக்குப் பிறகு கழுத்து வலியோடு இருந்த 24 பேரை எடுத்துக்கொண்டார்கள். மருந்தில்லாத போலி ஊசியும் கலந்து சோதித்து, ஃபாசெட் வலிதான் என்று உறுதியானவர்கள் மட்டும். பாதிப் பேருக்கு நிஜமாகவே 80 டிகிரி. மீதிப் பாதிக்கு எல்லாம் அதேபோல, சூடு மட்டும் ஏற்றவில்லை. பழைய வலியில் பாதியளவு திரும்பி வர ஆன நாட்கள்: சுடப்பட்டவர்களுக்கு இடைநிலை அளவாக 263 நாள், சுடப்படாதவர்களுக்கு 8 நாள். 2000இல் டிரைஃபஸ் குழுவினர் இதே கண்டிப்போடு இடுப்பு வலிக்காரர்கள் 15 பேருக்குச் செய்ததில், ஒரு வருடம் கழித்தும் 60 சதவீதத்தினருக்கு வலி பத்தில் ஒன்பது பங்கு குறைந்திருந்தது. 15 பேர் என்பது சின்னக் கூட்டம், ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுபக்கம், 2017இல் நெதர்லாந்தில் 681 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. உடற்பயிற்சியோடு இந்தச் சிகிச்சையையும் சேர்த்தவர்களுக்கும், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வலி மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள்: ஒரே ஒரு சோதனை ஊசி, 50 சதவீதம் குறைந்தாலே சேர்த்துக்கொண்டீர்கள், சுட்ட விதமும் சரியில்லை என்று. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் செய்தபடிதான் உலகத்தில் பெரும்பாலான இடங்களில் செய்கிறார்கள் என்பதும் உண்மை. அதனால் அந்த முடிவை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

வழிகாட்டுதல்களும் ஒத்துப்போவதில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல், மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி பத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, சோதனை ஊசியில் வலி குறைந்தவர்களுக்கு மட்டும் இதை யோசிக்கலாம் என்றது. 2025 பிப்ரவரியில் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இதுபோன்ற ஊசிச் சிகிச்சைகள் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது, ரேடியோஃப்ரீக்வன்சியையும் சேர்த்து. வலி மருத்துவ சங்கங்கள் அதை ஏற்கவில்லை. அந்த எதிர்ப்பில் தொழில் நலனும் கலந்திருக்கும், எனக்கும் அது பொருந்தும். என் நிலைப்பாடு: இடுப்பு வலி உள்ள எல்லாருக்கும் என்றால் வேண்டாம். சோதனையில் தெளிவாக 'ஆமாம்' வந்த, வேறு வழியெல்லாம் பார்த்துவிட்ட ஒருவருக்கு, அபாயம் குறைவான ஒரு நல்ல வாய்ப்பு.

இனி அந்த நாளைப் பற்றி. முழு மயக்கம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. நோயாளி பேசிக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பு. குப்புறப் படுக்க வேண்டும். தொடையிலோ கெண்டைக்காலிலோ ஒரு பட்டையை ஒட்டுவார்கள், மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி அது. மேலே சி-ஆர்ம் எக்ஸ்-ரே கருவி. அதைச் சாய்த்து எடுத்தால் முதுகெலும்பு ஒரு குட்டி நாயின் பக்கவாட்டு உருவம் போலத் தெரியும், நிஜமாகவே: மூக்கு, காது, கண், முன்னங்கால் எல்லாம் இருக்கும். காதும் மூக்கும் சேரும் இடத்துப் பள்ளத்தில்தான் நம் நரம்பு படிந்திருக்கிறது. பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு முதல் நாள் வேலையே திரையில் அந்த நாயைக் கண்டுபிடிப்பதுதான். கண்டுபிடித்த அன்று முகம் மலர்ந்துவிடும்.

ஊசி எலும்பைத் தொட்டதும் சுட ஆரம்பித்துவிட மாட்டார்கள். முதலில் 50 ஹெர்ட்ஸ் மின்தூண்டல். அரை வோல்ட்டுக்குள்ளேயே, "ஆமாம், எனக்கு வழக்கமாக வலிக்கிற இடத்தில் குறுகுறு என்கிறது" என்று நோயாளி சொன்னால் ஊசி நரம்புக்கு அருகில் இருக்கிறது. சிலர் ஊசி வைப்பது துல்லியமாக இருந்தால் இது தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 2 ஹெர்ட்ஸ். முதுகுத் தசை விநாடிக்கு இரண்டு தடவை துடித்தால் நல்லது, அது அதே நரம்பின் தசை. கால் துடித்தால் ஊசியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். காலுக்குப் போகும் நரம்பைச் சுட்டுவிடாமல் காப்பாற்றும் வேலி இதுதான். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. நன்றாகச் செய்யப்படும் இடத்தில் கால் பலவீனமாகும் சம்பவம் மிக அபூர்வம். அபூர்வம் என்றுதான் சொல்கிறேன், நடக்கவே நடக்காது என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். எல்லாம் சரியென்றால் கொஞ்சம் மரத்துப்போகும் மருந்து, அதற்குப் பிறகுதான் சூடு. ஆறு நரம்புக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்போல ஆகும். அன்றே வீட்டுக்குப் போகலாம், கூட ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம்தான் பொறுமையைச் சோதிக்கும். சுட்ட புண் ஆறுகிற மாதிரி முதுகு கடுக்கும், சிலருக்குப் பழைய வலியைவிட அதிகமாகவே. தோலின் மேல் வெயிலில் காந்தின மாதிரி எரிச்சல், சட்டை பட்டால் கூச்சம், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரப்பு, இதெல்லாம் வரலாம், பெரும்பாலும் சில வாரத்தில் போய்விடும். ஐந்தாம் நாள் போன் பண்ணி, "செய்யாமலே இருந்திருக்கலாம்" என்பவர்கள் நிறையப் பேர். பலன் முழுதாகத் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். ஆனால் காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சீழ், காலில் புதிதாக பலவீனம், சிறுநீர் போவதில் சிரமம் என்றால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போய்விட வேண்டும்.

எத்தனை நாள் தாங்கும்? பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். ஏன் நிரந்தரம் இல்லை என்றால், சுட்டது நரம்பின் ஒரு துண்டைத்தான். அதன் உயிர் இருக்கும் செல் தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சில் பத்திரமாக இருக்கிறது. கிளையை வெட்டினால் மரம் துளிர்ப்பது மாதிரி, அங்கிருந்து மெதுவாகத் திரும்ப வளரும். சுட்ட துண்டு நீளமாக இருந்தால் அதிக நாள் தாங்கும், ஊசி இணையாகப் படுத்திருக்க வேண்டும் என்றேனே, அதற்கு இதுவும் காரணம். வலி திரும்பினால் மறுபடி செய்யலாம். முதல் தடவை நன்றாகப் பலன் கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது தடவையும் கிடைக்கிறது.

மூட்டின் தேய்மானம் அப்படியேதான் இருக்கும், வலிச் செய்தி மட்டும்தான் நிற்கிறது. மல்ட்டிஃபிடஸ் தசைக்குப் போகும் இழையும் சேர்ந்து சுடப்படுவதால், முதுகைத் தாங்கும் அந்தத் தசை கொஞ்சம் இளைக்கவும் செய்யலாம். ஆகவே வலி குறைந்த இந்த மாதங்களை நடைக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். முன்பு வலியால் பாதியில் விட்ட பிசியோதெரபியை மறுபடி தொடங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வலி போனதே என்று இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கினால் நான் பொறுப்பல்ல.

பேர்க் குழப்பங்கள் சிலவற்றையும் தீர்த்துவிடுகிறேன். காலில் சுருள் நரம்புக்கு 'ஆர்.எஃப்.ஏ.' (ரேடியோஃப்ரீக்வன்சி அப்லேஷன் என்பதன் சுருக்கம்) செய்தேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் அது வேறு. அங்கே மூடுவது ரத்தக்குழாயை, தமிழில் அதையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 'பல்ஸ்டு' ரேடியோஃப்ரீக்வன்சி என்று சொன்னால் அது சுடுவதே இல்லை. விட்டு விட்டு மின்னோட்டம் கொடுத்து 42 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். ஃபாசெட் வலிக்கு அது சூட்டுக்கு ஈடாகாது, எதைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கும் மூட்டைச் சுற்றி மூன்று நரம்புகளைச் சுடுகிறார்கள். நான்காவது இடமான வெளிப்பக்கக் கீழ்மூலையை விட்டுவிடுவது வழக்கம், பாதத்தைத் தூக்கும் நரம்பு அதன் அருகில் ஓடுவதால்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில், நின்றால் வலி என்பது ஃபாசெட்டுக்கும் பொருந்தும், தண்டுவடக் குழாய் சுருங்கியதற்கும் பொருந்தும். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சரியாகிறது என்றால் இரண்டாவது. வலி கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் மாதிரி இறங்கினால் அது டிஸ்க் அழுத்தும் நரம்பாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் மீடியல் பிராஞ்சைச் சுடுவதால் பயன் இல்லை. சமீபத்தில் திடீரென வலி அதிகமாகியிருந்தால், அவர் வயதுக்கு எலும்பு மெலிந்து முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தது, இரவில் படுக்கவிடாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

போகும்போது மாத்திரைகளைச் சீட்டோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் சொல்லுங்கள். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை அதிகமாக இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுச் செய்வது நல்லது, கிருமி தொற்றும் அபாயம் குறையும். சோதனை ஊசி வெறும் மரப்பு மருந்தா, ஸ்டீராய்டும் கலந்ததா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்தால் சர்க்கரை சில நாள் ஏறும், சோதனையின் விடையும் குழம்பும். கட்டணத்தைச் சோதனைக்கு எவ்வளவு, சுடுவதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனையில் 'இல்லை' என்று வந்தால் இரண்டாவது செலவே இல்லை.

சோதனையைக் காலை வேளையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதியச் சமையல் நேரத்துக்குள் வீடு வந்துவிட்டால், மருந்து வேலை செய்யும்போதே அடுப்படியில் நின்று பார்த்துவிடலாம்.